கண்ணை முந்தும் குத்து

தீராத பழைய ஆட்டம்

முடிவு தெரிந்த துப்பறியும் கதையை யாரும் மறுநாளே திரும்பப் படிப்பதில்லை. நிரப்பி முடித்த குறுக்கெழுத்துப் புதிர் பழைய பேப்பர் கட்டுக்குப் போய்விடுகிறது. வீடியோ கேம்களில் பெரும்பாலானவற்றின் கதியும் இதுதான். கடைசிக் கட்டத்தைத் தாண்டிய குழந்தை அதை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததைக் கேட்கிறது.

சில ஆட்டங்கள் மட்டும் இந்த வழக்கத்துக்கு அடங்குவதில்லை. ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ அவற்றில் ஒன்று. வீடியோ கேம் கூடங்களில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக அது முதலில் வந்தது. மறு ஆண்டு வீட்டில் ஆடும் நின்டெண்டோ கருவிக்கு வந்தபோது 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மேடை, இரண்டு சண்டைக்காரர்கள், தலைக்கு மேல் இரண்டு மஞ்சள் பட்டைகள், நடுவில் 99இலிருந்து இறங்கும் கடிகாரம். அடி விழ விழப் பட்டை குறையும். யாருடைய பட்டை முதலில் காலியாகிறதோ அவர் அந்தச் சுற்றில் தோற்றார். மூன்றில் இரண்டு சுற்று ஜெயித்தால் ஆட்டம் முடிந்தது.

அதன் உருவங்கள் தட்டையானவை. கதையை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் ஆட்டங்கள் வந்துவிட்டன. ஆனாலும் இந்த ஆட்டத்தையும் இதன் வாரிசுகளையும் இன்றுவரை நடு வயதுக்காரர்கள் பதின்வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்து ஆடுகிறார்கள். 2023இல் வந்த ஆறாம் பாகத்தில் ரியூ என்ற வீரன் நெருப்புக் கோளம் எறிய, 1991இல் கைப்பிடியை எப்படித் திருப்பினோமோ அப்படியே இன்றும் திருப்பலாம்.

முப்பது ஆண்டு ஆடியும் ஏன் இது தீர்ந்துபோகவில்லை? பழைய நினைவுகளின் ஏக்கம் என்று ஒரு பதில் சொல்லலாம். அந்த நினைவே இல்லாத இளைஞர்கள் ஏன் ஆடுகிறார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பதில் போதாது. நல்ல பதில் வேறு இடத்தில், நம் நரம்புகளில் இருக்கிறது. அதைத் தேட ஒரு 500 ரூபாய் நோட்டு வேண்டும்.

நோட்டுப் பந்தயம்

புது நோட்டாக இருந்தால் நல்லது. அதை நீளவாக்கில் தொங்கும்படி மேல் விளிம்பில் பிடித்துக்கொள்ளுங்கள். நண்பரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நோட்டின் நடுப்பகுதிக்கு இரு பக்கமும், தொடாமல், தயாராக இருக்கட்டும். ‘நான் விடுவேன், நீ பிடி. பிடித்தால் நோட்டு உனக்கு’ என்று சொல்லிவிட்டு, எந்த அறிவிப்பும் இல்லாமல் விடுங்கள்.

நோட்டு தரையில் விழும். திரும்ப விட்டாலும் தரையில்தான் விழும்.

காரணம் எளிது. 500 ரூபாய் நோட்டின் நீளம் 15 சென்டிமீட்டர். நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை ஏழரை சென்டிமீட்டர். அந்தத் தூரம் விழ நோட்டுக்கு ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்குதான் ஆகும். நண்பரின் விரலுக்கு அவ்வளவு சீக்கிரம் செய்தி போய்ச் சேராது. நோட்டு அசைவதை விழித்திரை உணர வேண்டும். அது மின்துடிப்பாக மாறி மூளையின் பின்பக்கம் போக வேண்டும். அங்கே ‘அசைந்துவிட்டது’ என்று தெரிந்து, ‘பிடி’ என்ற கட்டளை பிறந்து, தண்டுவடம் வழியாக இறங்கி, விரல் தசையைச் சுருக்க வேண்டும். இந்தப் பயணத்துக்கு ஆகும் காலத்தை எதிர்வினை நேரம் என்கிறோம். கண்ணால் பார்த்துச் செய்யும் எளிய செயலுக்கு அது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை. பயிற்சியால் கொஞ்சம் குறைக்கலாம், பாதியாக்க முடியாது.

செய்ய வேண்டியது ஒன்றாக இல்லாமல் இரண்டு மூன்றில் ஒன்றாக இருந்தால் நேரம் இன்னும் கூடும். வாய்ப்புகள் பெருகப் பெருக முடிவெடுக்கும் நேரமும் நீள்கிறது என்பதைப் பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் ஹிக் 1952இல் அளந்து காட்டினார்.

இப்போது அதே பந்தயத்தைச் சற்று மாற்றுங்கள். ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று சீராக எண்ணிவிட்டு விடுங்கள். நண்பர் அநாயாசமாகப் பிடித்துவிடுவார். அவருடைய நரம்பு வேகமாகிவிடவில்லை. நோட்டு அசைவதற்கு முன்பே அவர் கட்டளையை அனுப்பிவிட்டார். முதல் முறை அவர் பார்த்துவிட்டுச் செயல்பட முயன்றார், இரண்டாம் முறை ஊகித்துச் செயல்பட்டார்.

ஸ்ட்ரீட் ஃபைட்டரின் மொத்த சுவையும் இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

அறுபதில் ஒரு பங்கு

சினிமாவைப் போலவே வீடியோ கேமும் அடுத்தடுத்து வரும் அசையாப் படங்களால் ஆனது. இந்த ஆட்டத்தில் நொடிக்கு ஏறக்குறைய 60 படங்கள். ஒரு படத்தை ஆட்டக்காரர்கள் ‘ஃபிரேம்’ என்பார்கள். நாம் சட்டகம் என்று வைத்துக்கொள்வோம். நம் எதிர்வினை நேரத்தைச் சட்டகத்தில் சொன்னால் 12 முதல் 15 வரை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஆட்டத்துக்குள் போனால் ஒரு விஷயம் புலப்படும். எதிராளி எம்பிக் குதித்து வந்து இறங்க ஏறக்குறைய நாற்பது சட்டகம் ஆகிறது. அதைப் பார்த்து, புரிந்துகொண்டு, கீழிருந்து மேலே ஒரு குத்து விட நேரம் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் நின்று விடும் சிறு குத்து நான்கைந்து சட்டகத்துக்குள் வந்துவிடும். அது கண்ணை முந்தும் குத்து. அதைப் பார்த்துத் தடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர் முன்கூட்டியே தடுத்திருக்கிறார்.

நெருப்புக் கோளம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மேடையின் மறுகோடியிலிருந்து வந்தால் அதைப் பார்த்துத் தாண்டலாம். இரண்டடி தூரத்திலிருந்து வந்தால் தாண்ட முடியாது. அதாவது, இந்த ஆட்டத்தில் தூரம் என்பதே நேரம். ஓர் எட்டு முன்னால் வைத்தால் எதிராளியின் சிந்தனை நேரத்திலிருந்து சில சட்டகங்களைத் திருடிக்கொள்கிறீர்கள். பின்னால் வைத்தால் உங்களுக்கே அதைச் சேமித்துக்கொள்கிறீர்கள். ஆடத் தெரிந்த இருவர் மோதும்போது அடியே விழாமல் இரண்டு உருவங்களும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். தெரியாதவர் கண்ணுக்கு அது தயக்கம். உண்மையில் அங்கே நேரத்துக்குப் பேரம் நடந்துகொண்டிருக்கிறது.

எல்லா அடிகளும் மெதுவாக இருந்தால் இது வெறும் விழிப்புச் சோதனை. எல்லாமே வேகமாக இருந்தால் வெறும் குலுக்கல் சீட்டு. இரண்டும் கலந்திருப்பதால், எதைப் பார்த்துச் செய்யலாம், எதை ஊகிக்க வேண்டும் என்பது ஒவ்வோர் எட்டுக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது.

விழுந்தவர் எழும் கணம்

ஊகிக்க வேண்டிய இடத்தில் எப்படி ஊகிப்பது? ஒரு காட்சியை மட்டும் எடுத்து நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

ரியூ அடித்து, எதிராளியின் வீரனான கென்னைக் கீழே தள்ளிவிட்டான். கென் எழுந்துகொண்டிருக்கிறான். ரியூ ஒட்டி நிற்கிறான். அடுத்த நகர்வு எதுவானாலும் அது கண்ணை முந்தும் வேகத்தில் வரும். ஆகவே இருவரும் ஒரே நேரத்தில், மற்றவர் செய்வது தெரியாமல், முடிவெடுக்க வேண்டும்.

ரியூவுக்கு இரண்டு வழி: உதைக்கலாம், அல்லது கென்னைப் பிடித்துத் தூக்கி எறியலாம். கென்னுக்கும் இரண்டு வழி: கைகளை முன்னே வைத்துத் தடுக்கலாம், அல்லது மேலே துள்ளலாம். உண்மையான ஆட்டத்தில் வழிகள் இன்னும் அதிகம். புரிவதற்கு நான்கு போதும். கணக்குக்காக எண்களை நானே வைக்கிறேன்:

— உதை வருகிறது, கென் தடுக்கிறான்: சேதம் இல்லை.
— உதை வருகிறது, கென் துள்ளுகிறான்: கிளம்பும்போதே அடி. 30 புள்ளி சேதம்.
— பிடி வருகிறது, கென் தடுக்கிறான்: தடுப்பவனைத்தான் பிடிக்க முடியும். 20 புள்ளி சேதம்.
— பிடி வருகிறது, கென் துள்ளுகிறான்: காலியிடத்தைப் பிடிக்கிறான். சேதம் இல்லை.

ரியூவாக நீங்கள் ஆடுகிறீர்கள். உதைக்கு 30, பிடிக்கு 20. உதைதான் லாபம் என்று பத்து முறையும் உதைத்துப் பாருங்கள். கென் இரண்டாம் முறைக்குள் புரிந்துகொண்டு பேசாமல் தடுத்துக்கொண்டே இருப்பான். உங்கள் மொத்த வருமானம் பூஜ்யம். பத்து முறையும் பிடித்தாலும் இதே கதி. அவன் துள்ளிக்கொண்டே இருப்பான்.

சரி, பாதிக்குப் பாதி. ஐந்து உதை, ஐந்து பிடி, வரிசை மட்டும் தெரியாதபடி கலந்து. கென் எப்போதும் துள்ளினால் ஐந்து உதை விழும்: 150. எப்போதும் தடுத்தால் ஐந்து பிடி விழும்: 100. கென் முட்டாள் இல்லை. தடுத்துக்கொண்டே இருந்து உங்களை 100இல் நிறுத்திவிடுவான்.

இப்போது நான்கு உதை, ஆறு பிடி என்று கலந்து பாருங்கள். கென் எப்போதும் துள்ளினால் நான்கு உதை, தலா 30: மொத்தம் 120. எப்போதும் தடுத்தால் ஆறு பிடி, தலா 20: அதுவும் 120. அவன் எதைச் செய்தாலும், எப்படிக் கலந்து செய்தாலும், சராசரியாக உங்களுக்கு 120 வந்துவிடுகிறது. உங்கள் விகிதம் நான்குக்கு ஆறு என்று காகிதத்தில் எழுதி அவன் கையில் கொடுத்தாலும் அவனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்த விகிதத்தைவிட உதையைக் கூட்டினாலும் குறைத்தாலும் அவனுக்கு ஒரு ஓட்டை கிடைத்துவிடும்.

இப்படி ஒரே வழியைப் பிடித்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று வழிகளைக் கணக்கிட்ட விகிதத்தில் கலந்து ஆடுவதைக் கலப்பு உத்தி என்போம். இருவர் மோதி ஒருவரின் லாபம் மற்றவரின் நஷ்டமாக இருக்கும் எந்த ஆட்டத்திலும், வழிகள் எண்ணக்கூடிய அளவில் இருந்தால், இப்படி ஓட்டையில்லாத ஒரு கலவை கட்டாயம் உண்டு என்று ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நியூமன் 1928இல் நிறுவினார். அந்தக் கட்டுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருளே வரவேற்பறையில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகள்தாம்.

பெரிய அடிக்குச் சிறிய பங்கு

கணக்கில் ஒளிந்திருக்கும் விநோதத்தைக் கவனித்தீர்களா? வலுவான அடி உதை, வலுக்குறைந்தது பிடி. ஆனால் சரியான கலவையில் உதைக்கு நான்கு பங்கு, பிடிக்கு ஆறு பங்கு. வலுவான ஆயுதத்தைக் குறைவாகப் பயன்படுத்து என்கிறது கணக்கு.

இதை இன்னும் சீண்டிப் பார்ப்போம். உதையின் வலுவை 30இலிருந்து 60 ஆக்குங்கள். பிடி அதே 20. இப்போது உதையை இன்னும் அதிகம் பயன்படுத்தத்தானே வேண்டும்? கணக்கு மறுக்கிறது. புதிய கலவை நான்கில் ஒரு பங்குதான் உதை. இருபது முறைக்கு ஐந்து உதை, பதினைந்து பிடி. சரிபார்க்கலாம்: கென் எப்போதும் துள்ளினால் ஐந்து உதை, தலா 60, மொத்தம் 300. எப்போதும் தடுத்தால் பதினைந்து பிடி, தலா 20, அதுவும் 300. பத்து முறைக்கு 150. முன்பு 120தான் வந்தது. உதை வலுத்ததால் வருமானம் கூடியது, உதைக்கும் எண்ணிக்கையோ குறைந்தது.

எப்படி? கென்னின் இடத்தில் நின்று பாருங்கள். 60 புள்ளி உதைக்குப் பயந்து அவன் நான்குக்கு மூன்று முறை தடுத்துக்கொண்டே நிற்பான். தடுத்து நிற்பவனைத்தான் பிடித்து எறிய முடியும். ஆக, உதை வந்து விழாமலேயே வேலை செய்கிறது. அது வரக்கூடும் என்ற அச்சம் கென்னை ஒரே இடத்தில் கட்டிப்போடுகிறது, பிடி போய் அறுவடை செய்கிறது. வீட்டு வாசலில் நாய் இருக்கிறது என்று பலகை மாட்டினாலே பாதித் திருடர்கள் வரமாட்டார்கள். ஆனால் உள்ளே உண்மையாகவே ஒரு நாய் இருந்து, எப்போதாவது குரைக்கவும் வேண்டும். அந்த ‘எப்போதாவது’தான் நான்கில் ஒரு பங்கு.

மனிதர் பகடை அல்லர்

சரியான விகிதம் இருக்கிறது என்றால் அதை மனப்பாடம் செய்துகொண்டு ஆடினால் போதுமே, ஆட்டம் தீர்ந்துவிடுமே? தீராது. விகிதம் தெரிந்தால் மட்டும் போதாது, வரிசையில் எந்த ஒழுங்கும் இருக்கக்கூடாது. அங்கேதான் மனிதர்கள் சறுக்குகிறோம்.

நாணயத்தைச் சுண்டாமல், சுண்டியது போலப் பூ, தலை என்று ஐம்பது முறை எழுதச் சொன்னால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே தப்பைச் செய்கிறோம். இரண்டு முறை பூ வந்தால் அடுத்து தலை போட்டுவிடக் கை துறுதுறுக்கிறது. உண்மையான நாணயமோ கூச்சமின்றி ஐந்து ஆறு முறை தொடர்ந்து பூவே போடும். கூடவே கோபம், அவசரம், ‘போன முறை ஏமாந்தேன், இம்முறை விடமாட்டேன்’ என்ற வீம்பு எல்லாம் சேர்ந்து நம் கலவையைக் கலைக்கின்றன.

பயிற்சி இதை மாற்ற முடியும் என்பதற்குக் கால்பந்தில் சான்று உண்டு. பதினோரு மீட்டர் தூரத்திலிருந்து அடிக்கும் பெனால்டி பந்து அரை நொடிக்குள் கோலுக்கு வந்துவிடுவதால், பார்த்துவிட்டுப் பாயக் கோல்காப்பாளருக்கு நேரமில்லை. பொருளியலாளர் இக்னாசியோ பலாசியோஸ்-ஹூர்ட்டா 1,417 பெனால்டிகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். தொழில்முறை வீரர்கள் இடம், வலம் இரண்டிலும் ஒரே அளவு வெற்றி கிடைக்கும் விகிதத்தில் கலக்கிறார்கள், முந்தைய அடியைப் பார்த்து அடுத்த அடியை ஊகிக்கவும் இடம் கொடுப்பதில்லை என்று அதில் தெரிந்தது. வான் நியூமன் காகிதத்தில் போட்ட கணக்கைக் கால்கள் தாமாகக் கற்றுக்கொண்டிருந்தன.

ஆனால் ஒரு பெனால்டி வீரர் ஆட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ அடிப்பார். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஒரு நிமிடத்துக்குள் பலமுறை இந்தக் கணம் வருகிறது. அத்தனை முறையும் பகடை போல நடந்துகொள்ள யாராலும் முடியாது. எங்கோ ஒரு பழக்கம் வெளியே தலைகாட்டும். எழுந்ததும் துள்ளுபவர், அடி வாங்கியதும் பதிலுக்கு அடிக்கத் துடிப்பவர், பட்டை குறைந்ததும் கல்லாகிவிடுபவர் என்று ஆள் ஆளுக்கு ஒன்று. அதைக் கண்டுபிடித்து, அதற்கு ஏற்றபடி உங்கள் கலவையை வேண்டுமென்றே சாய்ப்பதை ஜப்பானியர்கள் ‘யோமி’ என்பார்கள். வாசிப்பு என்று பொருள். சாய்ந்ததும் உங்களிடமும் ஓர் ஓட்டை விழுகிறது. எதிராளியும் வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் அதில் புகுவார். அவர் புகுவார் என்று எதிர்பார்த்து நீங்கள் சாய்வது போல நடித்திருக்கவும் கூடும்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. அமெரிக்காவில் இருவரும் ஒரே இயந்திரத்தின் முன் தோளோடு தோள் உரச நின்று ஆடினார்கள். ஜப்பானியக் கூடங்களில் இரண்டு இயந்திரங்களை முதுகோடு முதுகு சேர்த்து வைப்பது வழக்கமாயிற்று. எதிராளியின் முகமே தெரியாது. அங்கே திரையில் நடக்கும் பொம்மையின் நடையில்தான் அகம் தெரிந்தது.

விரலுக்குள் போன பாடம்

இவ்வளவையும் யோசிக்க வேண்டுமென்றால் கை என்ன செய்கிறது என்று யோசிக்க நேரம் இருக்கக்கூடாது. நெருப்புக் கோளம் எறியக் கைப்பிடியைக் கீழே, கீழ்-முன், முன்னே என்று கால்வட்டமாகச் சுழற்றிக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் நாளில் இது நான்கு தனித்தனி வேலை. ஆயிரம் முறை செய்தபின் ஒரே வேலை. சைக்கிள் ஓட்டுவது, வீணை மீட்டுவது போல அது செயல் நினைவுக்குள் இறங்கிவிடுகிறது. பல சிறு அசைவுகள் ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாவதைக் கொத்து என்று சொல்லலாம். சதுரங்க வல்லுநர்கள் பலகையைக் காய் காயாகப் பார்க்காமல் இப்படிக் கொத்துக் கொத்தாகப் பார்க்கிறார்கள் என்று 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் சோதனை செய்து காட்டினார்கள்.

இந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற கொத்து ஒன்று தற்செயலாகப் பிறந்தது. இடையில் வரும் ஒரு போனஸ் கட்டத்தில் காரை அடித்து நொறுக்க வேண்டும். பிழை தேடி அதை ஆடிப்பார்த்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நோரிடாகா ஃபுனாமிசு, சரியான நேரத்தில் அழுத்தினால் ஓர் அடி முடியும் முன்பே அடுத்த அடி நுழைந்துவிடுவதைக் கவனித்தார். இது யாருக்கும் கைவராது என்று நினைத்தவர், ஆனாலும் நீக்காமல் விட்டுவைத்தார். ஆட்டக்காரர்களுக்குக் கைவந்தது. ‘காம்போ’ எனப்படும் அடித்தொடர் அப்படித்தான் பிறந்தது. முதல் அடி பட்டுவிட்டால் மற்றவற்றைத் தடுக்க முடியாது. ஒரே ஒரு ஊகம் தவறினால் பட்டையின் பெரும்பகுதி காலி. ஊகத்தின் விலை ஏறியதால் ஊகத்தின் சுவையும் ஏறியது.

வீரர்களின் வேறுபாடும் இதே வேலையைச் செய்தது. 1987இல் வந்த முதல் பாகத்தில் ஒருவர் ரியூ, மற்றவர் கென் என்பதைத் தவிர வேறு தேர்வு இல்லை. இரண்டாம் பாகத்தில் எட்டுப் பேர். இந்தியாவின் தால்சிம் யோகக் கலையால் கைகால்களை நீட்டித் தூரத்திலிருந்தே அடிப்பான். ரஷ்யாவின் ஸாங்கீஃப் மெதுவாக நடந்து வந்து பிடித்தால் விடமாட்டான். எட்டுப் பேரில் இருவரைச் சேர்த்தால் 28 ஜோடிகள். மறு ஆண்டு வந்த பதிப்பில் பன்னிரண்டு பேர், ஒரே வீரனை இருவரும் எடுக்கலாம் என்பதால் 78 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் தூரம் வேறு, வேகம் வேறு, சரியான கலவை வேறு.

பதினைந்து உதைகள்

இதுவரை சொன்ன எல்லாமும் ஒன்றுகூடிய சில நொடிகள் உண்டு. 2004இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த ‘ஈவோ’ போட்டி. ஆட்டம் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் மூன்றாம் பாகம். ஒரு பக்கம் ஜப்பானின் டைகோ உமேஹாரா, கென்னை வைத்து ஆடுகிறார். மறுபக்கம் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங், சுன்-லி என்ற வீராங்கனையை வைத்து ஆடுகிறார்.

உமேஹாராவின் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத அளவு உயிர்தான் மிச்சம். இந்த ஆட்டத்தில் சிறப்பு அடிகளைத் தடுத்தாலும் துளி சேதம் உண்டு. அந்தத் துளியே அவரைக் கொன்றுவிடும். வாங்கிடமோ பதினைந்து உதைகள் அடுத்தடுத்து விழும் பெரும் சிறப்பு அடி தயாராக இருக்கிறது. தடுக்க முடியாது, தப்பித்து ஓடவும் இடமில்லை. வாங் அதை ஏவினார்.

மூன்றாம் பாகத்தில் ஒரு விதி இருந்தது. அடி வந்து படும் கணத்தில், பின்வாங்காமல் எதிராளியை நோக்கிக் கைப்பிடியைத் தட்டினால் அந்த அடி துளியும் சேதமின்றித் தட்டிவிடப்படும். அனுமதிக்கப்பட்ட நேரம் ஒரு நொடியில் சிறு பங்குதான். தவறினால் சாவு. உமேஹாரா முதல் உதையைத் தட்டிவிட்டார். இரண்டாவதை, மூன்றாவதை, இப்படியே பதினைந்தையும். கடைசி உதையைக் காற்றில் துள்ளித் தட்டிவிட்டு, இறங்கி வந்து ஒரே அடித்தொடரில் வாங்கை வீழ்த்தினார். கூட்டம் போட்ட கூச்சல் அந்த ஒளிப்பதிவில் இன்றும் காதைப் பிளக்கிறது.

எப்படி முடிந்தது? எதிர்வினை நேரத்தைவிடக் குறுகிய இடைவெளியில் வரும் உதைகளைப் பார்த்துத் தட்டிவிட முடியாது. அந்த உதைகளின் தாளம் அவர் விரலுக்குள் ஏற்கெனவே கொத்தாக இறங்கியிருந்தது. முதல் உதை எந்தக் கணத்தில் தொடங்கும் என்பதுதான் தெரியாதது. அதை ஊகிக்க நம் கணக்கே உதவியது. வாங்கிடம் இருந்த அடி மிக நல்ல அடி. தடுத்தாலும் கொல்லும் என்பதால் வேறெதையும் கலக்கத் தேவையில்லை என்று தோன்றும் அடி. கலவை இல்லாத இடத்தில் வாசிப்பு எளிது. பெரிய உதையைப் பத்து முறையும் உதைத்த நம் ரியூவின் நிலைக்கு வாங் அந்த ஒரு கணம் வந்துவிட்டார். உமேஹாரா அதற்காகக் காத்திருந்தார்.

அந்தப் போட்டியின் இறுதிச் சுற்றில் உமேஹாரா தோற்றார் என்பது பலருக்கு நினைவில்லை. கோப்பை யாருக்கு என்பதை அந்தப் பதினைந்து உதைகள் மறக்கடித்துவிட்டன.

புதிர் எங்கே இருக்கிறது

தொடங்கிய கேள்விக்கு வருவோம். குறுக்கெழுத்துப் புதிர் ஏன் தீர்கிறது? விடை தாளிலேயே இருப்பதால். தனியாக ஆடும் பெரும்பாலான வீடியோ கேம்களும் அப்படித்தான். விடையைப் பெட்டிக்குள் அடைத்துத்தான் விற்கிறார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் பெட்டிக்குள் இருப்பது ஒரு தராசு மட்டும். மனித நரம்பின் வேகத்துக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் அடிகளை அடுக்கி வைத்த தராசு. அதன் இரு தட்டிலும் ஏறி நிற்பவர்கள் நாம். எதிரே வருபவர் மாறும்போதெல்லாம் புதிர் மாறுகிறது. ஒரே ஆளாக இருந்தாலும் நேற்று உங்களிடம் தோற்றவர் இன்று வேறு ஆளாக வருகிறார். உருவங்கள் பழசாகின, இயந்திரம் பழசானது. ஐந்தில் ஒரு பங்கு நொடி என்ற நம் நரம்பின் வேகம் மட்டும் 1991இல் இருந்தபடியே இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் அந்த 500 ரூபாயைத் திரும்ப எடுங்கள். இம்முறை அறிவிப்பு வேண்டாம், எண்ணவும் வேண்டாம். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர் பிடிக்கட்டும். பத்து முறை விடுங்கள். ஒரு முறையாவது அவர் பிடித்துவிட்டால், அது அவர் விரலின் வேகம் என்று எண்ண வேண்டாம். நீங்கள் விடப்போவதை நீங்கள் விடுவதற்கு முன்பே அவர் வாசித்துவிட்டார். நோட்டை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.